ஆடிட்டுக்குத் தயாரான வீடு

எங்கள் வீட்டில் யாரும் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்த காலம் முழுவதும், தவறு இருக்கிறது என்று எந்த வங்கியும் எங்கள் தாள்களைத் திருப்பி அனுப்பியது கிடையாது. வெளிநாட்டுக்காரன் அனுப்பும் ஒப்பந்தத்தில் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் நான் முதலில் படிப்பேன். முன்பக்கத்தில் பெரிதாக இருப்பதை எல்லோரும்தான் படிக்கிறார்கள்.

ஆகவே, வாஹித் பாஷா எங்கள் கம்ப்யூட்டரில் ஆன்ட்டிவைரஸ் ஏற்றும்போது, ‘ஐ அக்ரீ’ என்ற இடத்தை நோக்கிப் போன அவர் கையை நான் தடுத்து நிறுத்தியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் ஆச்சரியப்பட்டார் என்பது வேறு விஷயம்.

இது நடந்தது 2006இல், முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். என் மகள் கரோலின் ஆம்பூரிலேயே ஒரு பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. கேள்வித்தாள் தயாரிக்க என்று கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கு இன்டர்நெட்டும் போட்டு, ஹாலில் என் நாற்காலிக்கு எதிரே வைத்திருந்தோம். யாரோ கொடுத்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, எட்டாம் வகுப்புக் கேள்வித்தாள் முழுவதும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வாஹித் பாஷா வந்து சுத்தம் செய்தார். அவருடைய பெண் கரோலினிடம் படிக்கிறாள். எனவே அவருக்கு எங்கள் வீடு டீச்சர் வீடு. நான் டீச்சரின் அப்பா. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த ஒப்பந்தத்தை மேலிருந்து படித்தேன். என் மனைவி ஞானசுந்தரி வாஹித் பாஷாவுக்கு ஒரு டீ கொடுத்தாள். சற்றுப் பொறுத்து இன்னொரு டீ கொடுத்தாள். பாதிக்கு மேல் போன பிறகு அந்த வாசகம் வந்தது. சேவையை மேம்படுத்தும் பொருட்டு, இந்தக் கம்ப்யூட்டரில் எந்த புரோகிராம் எவ்வளவு நேரம் பயன்படுத்தப்படுகிறது, எந்தெந்த இணையப் பக்கங்கள் பார்க்கப்படுகின்றன என்பன போன்ற விவரங்களைத் திரட்டித் தங்கள் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொள்வார்களாம். அதற்கு நாம் சம்மதிக்கிறோமாம்.

வாஹித் பாஷாவைப் படிக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“நான் கடை போட்டதுலேர்ந்து இத்த படிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் சார்.”

“திருடன் வராம இருக்க வாட்ச்மேன் வெச்சா, அவன் சமையல்கட்டுல என்ன கொதிக்குதுன்னு பார்த்து எங்கயோ எழுதிப் போடுவானா?”

“பேரெல்லாம் போவாது சார். சும்மா யூசேஜ் மட்டும்தான். லட்சக்கணக்கான வீட்லேர்ந்து போவுது, அதுல உங்க வீடு எதுன்னே அவனுக்குத் தெரியாது.”

“தெரியாதவன் எதுக்கு சம்மதம் எழுதி வாங்குறான்?”

அக்ரீ போடாவிட்டால் ஆன்ட்டிவைரஸ் ஏறாது என்று மட்டும் சொன்னார். வாசல்படியில் நின்றிருந்த கரோலின், கேள்வித்தாளைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும் என்றாள். நான் சம்மதித்தேன். நெருக்கடியில் சம்மதித்தேன் என்பதை வாஹித் பாஷா முன்னிலையில் வாயால் சொல்லிவிட்டுத்தான் கிளிக் செய்தேன்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் கூடி வந்திருந்தது. கரோலினை ஆற்காடு தேவநேசன் அவர்களின் மகன் இவானுக்கு நிச்சயம் செய்திருந்தோம். இவான், தோலுக்கான ரசாயனங்கள் விற்கும் கம்பெனி ஒன்றில் கான்பூரில் வேலையாக இருந்தான். தேவநேசன் கல்வித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவருடைய தங்கை வீடு ஆம்பூரில் இருந்ததால் சனிக்கிழமைதோறும் வருவார். வரும்போதெல்லாம் அவர்கள் ஊர் இனிப்பான மக்கன் பேடாவை ஒரு பெட்டி எங்கள் வீட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போவார். மே மாதம் கல்யாணம். அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் விவாகம், ஆட்சேபம் இருப்பவர்கள் தெரிவிக்கலாம் என்று சபை முழுவதும் கேட்க வாசிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் எந்த ஓலைக்கும் யாரும் வாய் திறந்தது கிடையாது. நம்மை ஆராய்ந்து பார்க்க வேண்டுமென்றால் இப்படி முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் பெண்ணும் பிள்ளையும் பேசிக்கொள்ளும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. எனக்கும் ஞானசுந்தரிக்கும் நடந்த முதல் பேச்சே, போட்டோ எடுக்கிறவர் கொஞ்சம் நகரச் சொல்கிறார் என்பதுதான். அதையும் அவள்தான் சொன்னாள்.

இப்படிப்பட்ட வேளையில் முகம் தெரியாத ஒருவன் எங்கள் ஹாலில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறான் என்றால் என்ன செய்வது? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு இது எனக்குப் புதிதல்ல என்று தோன்றியது.

எங்கள் தொழிற்சாலைக்கு, தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் ஆடிட் அனுப்புவார்கள். தோலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அல்ல. தொழிலாளிக்குக் கையுறை உண்டா, தீயணைக்கும் வாளியில் மணல் உண்டா, கழிவறையில் சோப்பு உண்டா என்று பார்ப்பார்கள். ஆடிட் வருகிறது என்று தெரிந்தால் முந்தின நாளே கையுறை, முகமூடி, கம்பூட்ஸ் எல்லாம் கொடுத்துவிடுவோம். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பிவிடும். தோல் பதனிடும் டிரம்மை ஓட்டுகிறவர்கள்கூட அன்றைக்கு மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி நிற்பார்கள். ஆடிட்டர் போனதும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துவிடுவோம். இந்த ஏற்பாடுகளைக் கடைசிவரை நடத்தியவன் நான். ஆடிட்டைத் தவிர்க்க முடியாதென்றால் அதற்குத் தயாராக இருப்பதுதான் மரியாதை.

ஆகவே வீட்டைத் தயார் செய்தேன்.

கம்ப்யூட்டருக்கு நேரம் வகுத்தேன். கரோலின் பள்ளி வேலைக்கு மட்டும், நான் ஹாலில் இருக்கும்போது மட்டும் தொடலாம். ஞானசுந்தரி மத்தியான வேளையில் அதில் தனியாகச் சீட்டு விளையாடும் பழக்கம் வைத்திருந்தாள். நிறுத்தச் சொன்னேன். மிஷினுக்குள் இருக்கிற சீட்டுதானே, கையில் பிடிக்கிற சீட்டா என்று கேட்டாள். பார்க்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்று நான் கேட்டேன். சீட்டாடுகிற வீடு என்று எங்கோ ஒரு நாட்டில் பதிந்துவிட்டால் யார் போய் அழிப்பது?

காலையில் ஆங்கிலச் செய்தித்தாளின் பக்கத்தை நானே திறந்துவைப்பேன். மாலையில் வேதபாட விளக்கப் பக்கம் ஒன்றைத் திறந்துவைப்பேன். இரண்டையும் போதுமான நேரம் திறந்தே வைத்திருப்பேன். அந்த நேரங்களில் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவேன்.

“சட்டை போட்டுக்கினு உக்காந்தா அது அவனுக்குத் தெரியுமாங்க?” என்றாள் ஞானசுந்தரி.

“தெரியாதுன்னு உனக்கு யார் சொன்னது?”

அவள் வந்து என் காலரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, அந்தச் சட்டையில் காலர் நைந்துபோயிருக்கிறது, நீலச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். போட்டுக்கொண்டேன்.

மிச்சமிருந்தது தேவையற்ற புரோகிராம்கள். ஆடிட்டுக்கு முன் கிடங்கில் தேவையில்லாததை அப்புறப்படுத்துவது முதல் வேலை. வாஹித் பாஷாவை வரவழைத்து ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி நீக்க வைத்தேன். கார் ஓட்டுவது ஒன்று, ராசிபலன் ஒன்று. கடைசியில் மஞ்சளாகப் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு முகம் இருந்தது. குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைத்தேன். அதையும் எடுத்துவிடச் சொன்னேன்.

வாஹித் பாஷா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். “இது டீச்சருது சார். ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?”

“இந்த வீட்ல கேக்க வேண்டிய ஆள் நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார், ஞானசுந்தரியைப் பார்த்தார். ஞானசுந்தரி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் முகம் போய்விட்டது. கரோலின் பள்ளியிலிருந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள், ஒரு நிமிடம் பார்த்தாள், அணைத்தாள். எதுவும் கேட்கவில்லை. என் மகள், அதனால் கேட்க மாட்டாள். சாப்பிடும்போது ரசம் வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, “நீங்க சொன்னா சரிப்பா” என்றாள். ரசத்துக்கு இது என்ன பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீடு ஒரு ஒழுங்குக்கு வந்தது. எப்போதாவது போன் அடிக்கும்; நான் எடுத்து, சாந்தகுமார் பேசுகிறேன் என்று சொன்னதும் துண்டித்துவிடும். லைனில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை தேவநேசன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் ஆம்பூருக்கு வந்ததாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மேஜையில் பேடாப் பெட்டி இருந்த இடத்தில் ஞானசுந்தரி பூச்சாடியை வைத்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதற்கு மறு வாரம், ஓலை வாசிக்க ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், அவரிடமிருந்து போன் வந்தது. வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினார். ஓலையை இரண்டு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா, பையன் மனசு சரியில்லாமல் இருக்கிறான் என்றார்.

ஆயரிடம் பெயர் கொடுத்தாயிற்று. சபையில் பாதிப் பேருக்கு வாயால் சொல்லியாயிற்று. இப்போது தள்ளி வைத்தால், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் ஊர் பத்துக் காரணம் சொல்லும். அந்தப் பத்தும் என் மகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். இருக்கிற இடத்திலிருந்தே பேசி முடிக்கும் விஷயமல்ல இது என்று, மறுநாள் நேரில் வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தேன்.

என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற தகவல் என்று இருப்பது ஒன்றுதான். நேராக வாஹித் பாஷாவின் கடைக்குப் போய், அந்த ஆன்ட்டிவைரஸ் கம்பெனி திரட்டும் விவரங்களை யார் யாருக்குக் கொடுக்கும் என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் ‘எங்களோடு இணைந்து பணிபுரியும் பிறருக்கும்’ என்று ஒரு வரி இருந்தது எனக்கு நினைவிருந்தது.

“ஆற்காட்டுக்கெல்லாம் குடுக்க மாட்டான் சார்,” என்றார் அவர். பிறகு கடையில் யாரும் இல்லாதபோதும் குரலைத் தணித்துக்கொண்டு, “நீங்க டீச்சர் கிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்களேன். எனக்கே பேஜாரா கீது” என்றார்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் ஆசிரியையிடம் கேட்க என்ன இருக்கிறது? அவருக்குத் தெரியவில்லை, அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று முடிவு செய்து, மறுநாள் காலை நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

தேவநேசன் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதாவது தகவல் வந்திருந்தால் அதை முழுவதும் விசாரிக்காமல் முடிவெடுக்கக் கூடாது என்றேன். சீட்டு என்று சொல்லப்படுவது மிஷினுக்குள் இருக்கும் ஒரு படம்; அதில் எதிரே ஆள் கிடையாது, பந்தயம் கிடையாது; அதையும் நிறுத்தியாகிவிட்டது; என் தகப்பனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் சூதாட்டத்துக்கு இடமில்லை என்று எடுத்துச் சொன்னேன்.

தேவநேசன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சீட்டாடியது யார் என்று கேட்டார். என் மனைவி என்று சொன்னேன். தன் மனைவியை அழைத்துப் பேடா கொண்டுவரச் சொன்னார்.

“சீட்டு எனக்குத் தெரியாது சம்பந்தி,” என்றார். “கரோலின் பாப்பா பேச்சை நிறுத்திட்டாளாம். அதுதான் பையனுக்குத் தாங்கல.”

“யார் பேச்சை?”

“இவான் கூடதான். சாயங்காலம் அஞ்சு மணியானா கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரும் எழுதிக்குவாங்களாமே. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுட்டுக் கான்பூர் வர்றதுல உனக்கு உண்மையில இஷ்டமா, யோசிச்சு நாளைக்குச் சொல்லுன்னு கேட்டிருக்கான். மறுநாள்லேர்ந்து ஆளே காணோம். போன் பண்ணா நீங்க எடுக்குறீங்களாம். இஷ்டமில்லங்கிறத அப்படிச் சொல்றாளோன்னு அவன் நெனச்சுக்கிட்டான்.” அவர் சற்றுத் தயங்கினார். “உங்களுக்குத் தெரிஞ்சுதான் பேசுறாங்கன்னு நெனச்சோம்.”

பேடா வந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் ஏதாவது இருப்பது அந்த நேரத்துக்கு நல்லது.

ஒரு தகப்பன் யோசிக்க வேண்டியதை அந்தப் பேடா கரைவதற்குள் யோசித்தேன். தெரியாது என்று சொன்னால் என் மகள் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள் என்று ஆகும். சம்பந்தி வீட்டில் அப்படி ஒரு சொல்லை வைத்துவிட்டு நான் எழுந்து வர முடியாது.

“தெரியும்,” என்றேன். “தெரியாம எங்க வீட்ல எதுவும் நடக்காது. மிஷின்ல வைரஸ் வந்துடுச்சி. அதனால நிறுத்தி வெச்சிருக்கோம். நாளைக்கு சரியாயிடும்.”

தேவநேசன் என் முகத்தைப் பார்த்தார். அவர் ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி. பதில் தெரியாமல் எழுதுகிறவர்கள் முகத்தை நிறையப் பார்த்தவர். இருந்தாலும் பெரிய மனிதர். “வைரஸ்னா சும்மா இல்லதான்,” என்று மட்டும் சொல்லி, தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் தெரியாத ஊரில் இருக்கும் கம்பெனிக்கு, சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் எந்த புரோகிராம் ஓடுகிறது என்று தெரிந்திருக்கிறது. வாஹித் பாஷாவுக்குத் தெரிந்திருக்கிறது. மின்விசிறியைப் பார்த்த என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து மணி என்பது நான் வாக்கிங் போகும் நேரம்.

வீட்டுக்கு வந்ததும் கரோலினை அழைத்தேன். அவள் வந்து நின்றாள். நான் நிற்கும் மாதிரியே நேராக நின்றாள். கான்பூர் பையனிடம் பேசி வந்தது உண்மையா என்று கேட்டேன். உண்மை என்றாள். மஞ்சள் முகத்தை நீக்கியதும் ஏன் என்னிடம் வந்து கேட்கவில்லை என்றேன். நீங்கள் தெரிந்துதான் நீக்கினீர்கள் என்று நினைத்தேன், நீங்களாகவே சொல்வீர்கள் என்று இருந்தேன் என்றாள். இதில் அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

ஆகவே பேச்சைக் கம்பெனி பக்கம் திருப்பினேன். நம் வீட்டுப் பேச்சையெல்லாம் எவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதாவது உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்றேன்.

“அவன் பாக்கலப்பா. உள்ள செட்டிங்ஸ்ல ஒரு கட்டம் இருக்கு. வேணாம்னா டிக்கை எடுத்துடலாம். போட்ட அன்னிக்கே எடுத்துட்டேன்.”

நான் காலரைச் சரி செய்துகொண்டேன். “அப்போ இத்தனை நாளா?”

“யாரும் பாக்கல.”

“சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க தினம் நீலச் சட்டை போட்டுக்கிட்டு உக்கார்றது அம்மாவுக்குப் பிடிச்சிருந்தது.”

சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு தேவைக்கு அதிகமாகக் கேட்டது.

கரோலின் போகத் திரும்பினாள். வாசல்படியில் நின்று, எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் தகப்பனிடம் கேட்காத ஒன்றைக் கேட்டாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

“பாக்காதேன்னு சொல்றதுக்குக் கம்பெனிக்காரன்கூட ஒரு கட்டம் வெச்சிருக்கான்பா. உங்களுக்கு அது எங்க இருக்குதுன்னுதான் எனக்குத் தெரியல.”

சட்டையைக் கழற்றி மாட்டினேன். மறுநாள் மத்தியானம் வரை வேறு வழி ஒன்றும் தோன்றாததால் மறுபடியும் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன்.

வாஹித் பாஷா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அந்த மஞ்சள் முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். டீகூடக் குடிக்காமல் என் கூடவே வந்தார். ஏற்றி முடித்ததும், கம்ப்யூட்டரைப் பக்கத்து அறைக்கு மாற்றச் சொன்னேன். ஹாலில் வெளிச்சம் ஜாஸ்தி, திரை சரியாகத் தெரிவதில்லை என்று காரணமும் சொன்னேன். அவர் ஆமாம் சார் என்றார். வயரை இழுத்து, மேஜையைத் தூக்கி, எல்லாம் முடிந்தபோது ஐந்து மணிக்குச் சற்று முன் இருந்தது. கரோலின் பள்ளியிலிருந்து வந்தவள், ஹாலில் மேஜை இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். அறைக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“கான்பூர் விஷயமா பதில் சொல்ல வேண்டியது பாக்கி இருக்குதாமே,” என்றேன். “சொல்லிடு.”

பகலில் அறைக் கதவைச் சாத்துவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவள் உள்ளே போனதும் நானே சாத்தினேன். பிறகு வாக்கிங் போனேன். வழக்கத்தைவிடச் சற்று நீண்ட தூரம் போனேன்.

அவள் என்ன பதில் எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சொன்ன தேதியில், ஆயர் ஓலை வாசித்தார். ஆட்சேபம் இருப்பவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லி, வழக்கம்போல நிறுத்தினார். சபை அமைதியாக இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை; திரும்பிப் பார்ப்பது சந்தேகப்படுகிறவர்கள் வேலை. பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் தும்மியது. அதை யாரும் ஆட்சேபமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. கேட்டு வாங்கிய சம்மதத்தைப் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பதும், வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தை உள்ளே எங்கோ புதைத்துவைப்பதும் மரியாதையான வியாபாரம் அல்ல. நீலச் சட்டை விஷயம் வேறு. இப்போதும் மாலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். அது கம்பெனிக்காக அல்ல.

அடுத்த சனிக்கிழமை தேவநேசன் வந்தார். பூச்சாடியை நகர்த்திவிட்டுப் பேடாப் பெட்டியை வைத்தார். மிஷினுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தேவலை என்றேன். சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தார். உள்ளே தட்டச்சுச் சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் நின்று, ஒரு சிரிப்புக் கேட்டு, மறுபடி பெய்தது.

தேவநேசன் என் பக்கம் சாய்ந்து, “அப்படி என்னதான் எழுதுறாங்க சம்பந்தி? நீங்க எப்பவாவது பாக்கிறதுண்டா?” என்றார்.

“அடுத்தவங்க பேச்சை எட்டிப் பாக்கிற குடும்பம் இல்ல சம்பந்தி இது,” என்றேன்.

சமையல்கட்டில் ஞானசுந்தரிக்கு இருமல் வந்தது. வெகுநேரம் நிற்கவில்லை.